அரைத் தட்டு தாமதம்

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு நான் நலம். அங்கு உன் முழங்கால் வலியும் உன் வீட்டுக்காரரின் முன்கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். மாடி அறைக்கு வெள்ளையடித்து, என்னை உங்களோடேயே வந்து இருக்கச் சொல்லி எழுதியிருந்தாய். வர இயலாது. காரணம் சொல்கிறேன், சிரிக்காமல் படி.

ஆறு செவ்வாய்க்கிழமைகளாக ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போய் வருகிறேன். வயதானவர்களின் மூளைக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறார்கள். பதறாதே, கத்தி இல்லை, ஊசி இல்லை. ஈரப் பஞ்சு வைத்த ஒரு குல்லாய்தான். ஒப்புதல் படிவத்தில் நான்கு சந்திப்பிழைகள். திருத்திக் கொடுத்த பிறகே கையெழுத்திட்டேன்.

"மூளையில அலை ஓடும்மா, நொடிக்குப் பத்து. நாங்க வெளியிலேருந்து அதே வேகத்துல லேசா கரண்ட் கொடுப்போம். அலை அதோட சேர்ந்துக்கும்" என்றாள் ஆய்வு செய்யும் பெண்.

"அதை அலைன்னு ஏன் சொல்றே? தாளம்னு சொல்லு. கான்வென்ட்ல மதர் ஸ்கேலால மேசையைத் தட்டுவாங்க, நாற்பது பேரும் சேர்ந்துப்போம்."

"அதேதாம்மா. ஆனா நாங்க முட்டியில அடிக்க மாட்டோம்."

வாயாடி.

குல்லாயை மாட்டினாள். நெற்றியில் சுருக்கென்று ஒரு குத்தல், பிறகு ஒன்றுமில்லை. ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கியது, சுவரில் வெயில் தண்ணீர் மாதிரி ஆடியது, நான் கண்ணை மூடினேனோ இல்லையோ, போய்ச் சேர்ந்து மூன்று வருடமான உன் அத்தான் சவரம் செய்துகொண்டே முனகும் அந்தப் பாட்டு கேட்டது, தாளத்தில் அதே அரைத் தட்டு தாமதத்தோடு, முப்பத்தொன்பது வருடம் குளியலறைக் கதவைத் தட்டித் தட்டித் திருத்தியும் திருந்தாத மனுஷன், இந்தத் தடவை நான் தட்டவில்லை, வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டு, நானும் அரைத் தட்டு தள்ளி, துடுப்பில்லாத படகு மாதிரி அவர் பின்னாலேயே போய்விட்டேன்.

"அம்மா, கண்ணுல தண்ணி வருதே, கரண்ட் வலிக்குதா?"

"கரண்ட் சரியாத்தான் இருக்கு. இவர்தான் லேட்டு."

ஆறு வாரமும் வந்தார். உன் மாடியில் இந்த யந்திரம் உண்டா? அதான். அடுத்த ஆய்வுக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். கையெழுத்து திருந்தியவர்களுக்குக் கூடுதலாக.

உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டுமுன் அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தாள். ஆய்வு முடிந்துவிட்டதால் இனிச் சொல்லலாமாம். "ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காக, பாதிப் பேருக்கு ஆரம்பத்துல மட்டும் சுருக்குன்னு கரண்ட் கொடுத்துட்டு நிறுத்திடுவோம்மா. உங்களுக்கு ஆறு தடவையும் அப்படித்தான். மன்னிச்சுக்குங்க."

ஆக, அவர் யந்திரத்தில் குடியிருக்கவில்லை. சனிக்கிழமை வருகிறேன். மாடியில் தலையணை இரண்டு போட்டு வை. குளியலறைக் கதவை யாரும் தட்டக் கூடாது.