இருபத்து நான்கு மரப்பொம்மைகள்

பெட்டியைப் பிரித்ததும் வந்த முதல் தகராறு, யார் தொழிலாளி என்பது.

நான்கு அட்டைகள். கவிழ்த்து வைத்து ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். பட்டாசு ஆலை முதலாளி காளிராஜ் எடுத்த அட்டையில் 'மருந்து கலப்பவர்' என்று இருந்தது. அவர் மனைவி லட்சுமிகாந்தத்துக்குக் காவலாளி. மகன் மகேஷ்குமாருக்கு போர்மேன். மேனேஜர் ராஜபாண்டியன் தன் அட்டையைப் புரட்டினார். 'முதலாளி'.

ஆபீஸ் மீட்டிங் ஹாலில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு வேர்த்தது.

"ஒனக்கு என்னய்யா வந்திருக்கு?" என்றார் காளிராஜ்.

"ஒண்ணுமில்லீங்க முதலாளி. தப்பா வந்திருச்சு."

"காட்டுய்யா."

காட்டினார். காளிராஜ் அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருபது வருசமா மனசுக்குள்ள இதுதான் ஓடுதாக்கும்?"

"சீட்டு அதுவா வந்ததுங்க."

"கொண்டா இங்க. நான் மருந்து கலக்குறதுக்கா எங்கப்பா கம்பெனி ஆரம்பிச்சாரு?"

அட்டைகள் கை மாறின. 'முதலாளி' இருந்த இடத்தைவிட்டு நகர முடியாது, மற்றவர்கள் நகர அனுமதி மட்டும் கொடுக்கலாம் என்று விதிப்புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் போட்டிருந்தது. ஒன்பதாம் பக்கம் வரை யாரும் போகவில்லை.

ஆமத்தூரைத் தாண்டி, சிவகாசி சாலையில் இருந்தது ஆலை. போன வருடம் ஓர் அறை எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை. உள்ளே ஆள் இல்லை. ஐந்து மாதம் பூட்டிக் கிடந்துவிட்டு, தற்காலிக அனுமதியோடு திறந்தார்கள். நிர்வாகத்தில் இருக்கும் நான்கு பேரும் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பயிற்சிதான் இந்தப் பெட்டி. சென்னையில் யாரோ படித்தவர்கள் தயாரித்தது. பன்னிரண்டு அறைகள் வரைந்த பலகை, இருபத்து நான்கு மரப்பொம்மைத் தொழிலாளிகள், தண்ணீர் வாளிகள், ஆபத்துச் சீட்டுகள், நாற்பத்தெட்டுப் பக்க விதிப்புத்தகம்.

ஒருவரை ஒருவர் தோற்கடிக்கும் ஆட்டம் அல்ல. நால்வரும் ஓர் அணி, எதிரி தீ. சீட்டுகள் தீர்வதற்குள் எல்லாப் பொம்மைகளும் வாசலுக்கு வந்துவிட்டால் நால்வருக்கும் வெற்றி. ஒன்று உள்ளே மாட்டினாலும் நால்வருக்கும் தோல்வி.

பெட்டி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ராஜபாண்டியன் அதை பீரோ மேல் ஏற்றி வைத்துவிட்டு, யார் கேட்டாலும் "பயிற்சி போயிட்டிருக்கு" என்று சொல்லி வந்தார். நேற்று சாயங்காலம் போன் வந்தது. நாளை மூன்று மணிக்கு அதிகாரிகள் வருகிறார்கள். ஜெயித்த பலகையின் போட்டோவும், நால்வரும் கையெழுத்துப் போட்ட தாளும் வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் தீபாவளி சீசன் முழுக்க ஆலை ஓடும். இல்லாவிட்டால் மறுபடியும் பூட்டு.

"பூட்டு விழுந்துச்சுன்னா, நீ இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கப்படாது" என்று காளிராஜ் காலையிலேயே சொல்லிவிட்டார்.

முதல் ஆட்டம் பதினைந்து நிமிடம் ஓடியது.

காளிராஜ் ஒரே அறையில் ஒன்பது பொம்மைகளை நெருக்கி நிறுத்தினார்.

"அப்பா, ஒரு ரூமுக்கு நாலு பேருதான்" என்றான் மகேஷ்குமார். எம்.பி.ஏ. படித்தவன். காரில் வரும்போது விதிப்புத்தகத்தின் படங்களைப் பார்த்திருந்தான்.

"அந்த ரூல் வெளிய சுவத்துலயும்தாம்லே எழுதிப் போட்டிருக்கு. நாலு நாலா ஒக்கார வச்சா லோடு எப்ப ஏத்துறது?"

"இந்த கேம்ல லோடே கெடையாதுப்பா."

"லோடு கெடையாதா?"

"ஆள் பொழைச்சா ஜெயிப்பு. அம்புட்டுத்தான்."

"என்னத்த கம்பெனி நடத்துறானுக" என்றார் காளிராஜ்.

அடுத்த சீட்டில் அந்த அறை எரிந்தது. உடனே சைரன் ஊதியது. ஆட்டத்துக்கென்று மகேஷ்குமாரின் போனில் ஓர் ஆப் இருந்தது. அதை அவன் மீட்டிங் ஹாலின் பெரிய ஸ்பீக்கரோடு இணைத்திருந்தான். காளிராஜ் நாற்காலியோடு பின்னால் சரிந்தார். ராஜபாண்டியன் மேசைக்கடியில் பாதி போயிருந்தார். ஜன்னலில் இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"கதவைத் தாழ்ப்பாப் போடுய்யா. திரைய இழுத்து விடு. நான் தோக்குறத இதுக வேடிக்கை பாக்கணுமாக்கும்?"

ஆள் இருக்கும்போது எந்தக் கதவையும் தாழிடக் கூடாது என்பது விதிப்புத்தகத்தின் முதல் விதி. ராஜபாண்டியன் தாழிட்டார்.

இரண்டாம் ஆட்டத்தில் காளிராஜ் இறங்கிவந்தார். அறைக்கு நாலு பேர். ஆனால் இந்த முறை தண்ணீரில் வந்தது வினை. நிஜ ஆலையில் முதல் ஆறு அறைகளின் லைசென்ஸ் காளிராஜ் பெயரில். மற்ற ஆறும் லட்சுமிகாந்தம் பெயரில். அந்த அம்மாள் பலகையையும் அப்படியே நடுவில் பிரித்துக்கொண்டார்.

"ஏ காந்தம், நாலாம் ரூம் எரியுது. ஒரு வாளி தண்ணி தா."

"நாலு ஒங்க ரூமுல்ல? என் தண்ணி என் ரூமுக்கு."

"அம்மா, எல்லாரும் ஒரே டீம்மா. நமக்குன்னு தனியா கெடையாது" என்றான் மகேஷ்குமார்.

"ஒங்க தாத்தா சொத்து பிரிக்கையிலயும் இதையேதான்லே சொன்னாரு. மெயின் ரோட்டு எடம் ஒங்க சித்தப்பனுக்குப் போச்சு. ஒங்கப்பா பல்லக் காட்டிட்டு வந்து நின்னாரு."

"அதை ஏன் இப்ப இழுக்க?" என்றார் காளிராஜ்.

"தண்ணி கேட்டீகள்ல. அதான்."

ராஜபாண்டியன் குறுக்கே புகுந்தார். "அம்மா, நீங்க ஒரு வாளி தாங்க. அடுத்த முறை முதலாளி ரெண்டாத் திருப்பித் தருவாக."

"எழுதித் தரச் சொல்லுங்க."

எழுதித் தருவதற்குள் தீ ஏழாம் அறைக்குத் தாவியது. அது அந்த அம்மாளுடையது. வாளி தூக்க ஒரு பொம்மைகூட மிஞ்சவில்லை. தண்ணீர் மட்டும் எட்டு வாளி மிச்சம் இருந்தது.

மணி பதினொன்றரை. யாராவது ஒருவர் தலைமை ஏற்றால்தான் உருப்படும் என்று ராஜபாண்டியன் நினைத்தார். மகேஷ்குமாரிடம் சொன்னார். அது அடுத்த தவறு. மூன்றாம் ஆட்டத்தில் அவன் எல்லோருடைய பொம்மைகளையும் தானே நகர்த்த ஆரம்பித்தான். ஒன்பதாம் பக்கத்தையும் உரக்கப் படித்துத் தொலைத்தான்.

"அனுமதி குடுக்கிறது நானா?" என்றார் காளிராஜ். முகம் மலர்ந்தது. "அப்ப அனுமதி கெடையாது."

"ஏன்ப்பா? அஞ்சாம் ரூம் பத்திக்கிச்சு. வெளிய கூட்டியாரணும்."

"கேட்டுட்டுல்ல நகத்தணும்? நீ பாட்டுக்கு நகத்துற. கம்பெனி ஒன் பேருக்கு வந்துருச்சாலே?"

ராஜபாண்டியன் தூது போனார். மகன் காதோடு சொல்வதை வாங்கி, துடைத்து, தந்தையின் காதில் போட்டார். "முதலாளி, போன வாரம் நீங்க சொன்னீகளே ஒரு யோசனை, அதே மாதிரி அஞ்சாம் ரூம் ஆளுகள வெளிய எடுத்தா என்ன?" காளிராஜ் போன வாரம் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் பெருந்தன்மையாகச் சம்மதித்தார். ஒரு நகர்வுக்குப் பத்து நிமிடம் ஆனது. சீட்டுகள் தீர்ந்தபோது பதினொரு பேர் உள்ளே நின்றார்கள்.

மணி ஒன்று.

"அறிவுகெட்ட வெளையாட்டு" என்றார் லட்சுமிகாந்தம்.

"சூழ்ச்சி. நம்மள மூட வைக்கணும்னே செஞ்சிருக்கான்" என்றார் காளிராஜ். பிறகு ராஜபாண்டியனைப் பார்த்தார். "ரெண்டு மணி நேரம் இருக்கு. நீ என்ன செய்யப்போற?"

ராஜபாண்டியன் பலகையைப் பார்த்தார். இருபது வருட அனுபவம் அப்போதுதான் கைகொடுத்தது.

"முதலாளி, இருபத்து நாலு பேரும் இன்னைக்கு வேலைக்கு வந்தாகன்னு யாரு சொன்னா?"

 காளிராஜ் அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

"ஆப்சென்ட் போடச் சொல்ற."

"இருபது பேரு வரல. நாலு பேருதான் வந்திருக்காக. நாலு பேர வெளிய கொண்டாறது கஷ்டமா?" பொம்மைகளை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"போட்டோவுல இருபத்து நாலும் வாசல்ல நிக்கணுமே?" என்றான் மகேஷ்குமார்.

"ஜெயிச்ச பெறகு எடுத்து நிறுத்திரலாம் தம்பி."

"எம்.பி.ஏ.வுல இதெல்லாம் சொல்லித் தர மாட்டான்லே" என்றார் காளிராஜ்.

நான்காம் ஆட்டத்தில் நால்வரும் ஒருமனதாக இருந்தார்கள். காளிராஜ் கேட்காமலே அனுமதி கொடுத்தார். லட்சுமிகாந்தம் கணவனின் அறைக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார். மகேஷ்குமார் வாயை மூடிக்கொண்டிருந்தான். ஒத்துழைப்பு என்றால் என்ன என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு பொம்மைகள் வெளியே வந்திருந்தபோது சைரன் ஊதியது.

"அமத்துலே அதை!"

"குறைச்சுட்டேன்ப்பா."

"காது கிழியுது. கொறைச்சுட்டானாம்."

மகேஷ்குமார் போனைத் தட்டினான், குலுக்கினான், அணைத்தான். சத்தம் குறையவில்லை. ராஜபாண்டியன் போய் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினார். அப்போதும் ஊதியது. ஸ்பீக்கரை ஓங்கி இரண்டு அறை அறைந்தார். சற்று நேரத்தில் நின்றது.

"சைனா மால்" என்றார் காளிராஜ்.

மூன்றாவது பொம்மை வந்தது. நான்காவதும் வந்தது. வெற்றி. லட்சுமிகாந்தம் கை தட்டினார். ராஜபாண்டியன் பையிலிருந்த பொம்மைகளை எடுத்து வாசலில் வரிசையாக நிறுத்தினார். மகேஷ்குமார் எண்ணினான்.

"இருபத்து மூணுதான் இருக்கு."

மறுபடி எண்ணினார்கள். இருபத்து மூன்று. நால்வரும் மேசைக்கடியில் இறங்கினார்கள். கோடிக்கணக்கில் வியாபாரம் செய்யும் குடும்பம் முழங்காலில் தவழ்ந்து, சுண்டுவிரல் உயர மனிதனைத் தேடியது.

கதவு தட்டப்பட்டது. "மொதலாளி! ஐயா!" சண்முகத்தாயின் குரல். லேபிள் ஒட்டும் பிரிவில் இருப்பவர், ஆபீசுக்கு டீ கொண்டுவருவதும் அவர்தான்.

"டீ வேண்டாம், போ!" என்று மேசைக்கடியிலிருந்து கத்தினார் காளிராஜ்.

"டீ இல்லீங்கய்யா. வெளிய வரணுமாம்."

"முக்கியமான வேலை நடக்குது. இங்கன உசிரக் காப்பாத்திக்கிட்டு இருக்கோம்."

சற்று நேரம் கழித்து, மறுபடியும் தட்டல்.

"ஐயா, ஆளு கொறையுதாம். எண்ணிப் பாத்துட்டுக் கேக்காக."

"இங்கயும்தான் ஒருத்தன் கொறையுறான். அவனத் தேடி நாங்க படுற பாடு போதாதா? கொறையுறவுகளுக்கு ஆப்சென்ட் போடச் சொல்லிட்டுப் போ!"

செருப்புச் சத்தம் தூரப் போனது.

பொம்மை கடைசியில் காளிராஜின் நாற்காலியில் கிடைத்தது. குஷனுக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிக்கிக் கிடந்தது. அவர் காலையிலிருந்து அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப மூணு ஆட்டமும் இருபத்து மூணு பேர வச்சுக்கிட்டா தோத்தோம்?" என்றான் மகேஷ்குமார்.

 பொம்மையைத் துடைத்து வரிசையில் நிறுத்தினார்கள். பலகையைப் போட்டோ எடுத்தார்கள். நால்வரும் பலகைக்குப் பின்னால் நின்று இன்னொன்று எடுத்தார்கள். அதில் காளிராஜ் பெருவிரலை உயர்த்தியிருந்தார். 'அனைவரும் பாதுகாப்பாக வெளியேறினர்' என்று அச்சிட்டிருந்த தாளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

மணி இரண்டு பத்து. ராஜபாண்டியன் தாளை ஒரு நல்ல உறையில் போட்டு, தலையை வாரிக்கொண்டு, தாழ்ப்பாளைத் திறந்தார். இருபது வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக அவர் எந்தக் கதவையும் திறந்ததில்லை.

வாசலுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் மொத்த ஆலையும் உட்கார்ந்திருந்தது. நூற்றுப் பதினாறு பேர். தூக்குவாளிகளைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நால்வரையும் கண்டதும் பேச்சு நின்றது. சிலர் எழுந்து நின்றார்கள்.

"என்ன, எல்லாரும் வெளிய ஒக்காந்திருக்கீக? மூணு மணிக்கு அதிகாரிக வர்றாக. உள்ள போங்க, போங்க" என்றார் ராஜபாண்டியன்.

சண்முகத்தாய் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அவுக ஒண்ணரைக்கே வந்துட்டுப் போயிட்டாக சார்."

"போயிட்டாகளா?" காளிராஜ் உறையைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினார். "இதை வாங்காமயா? எதுக்கு வந்தாக?"

"தீப்பிடிச்சா எல்லாரும் வெளிய ஓடியாறோமான்னு பாக்க வந்தாகய்யா. சொல்லாமக் கொள்ளாம நம்ம சைரன அடிச்சு விட்டுட்டு, இந்த மரத்தடியில நின்னு ஆள எண்ணுனாக."

ராஜபாண்டியன் அவசரமாகக் குறுக்கிட்டார். "கொறையுறவுகளுக்கு ஆப்சென்ட் போடச் சொல்லி ஐயா சொன்னாகளே... அதை அவுககிட்டச் சொன்னியாம்மா?"

"சொன்னேன் சார், ஒத்திகையில ஆப்சென்ட்டுன்னு ஒண்ணு கெடையாதாம், தொழிலாளி அம்புட்டுப் பேரும் பொழைச்சாச்சு, முதலாளி, முதலாளியம்மா, மகன், மேனேஜர் நாலு பேரும் செத்தாச்சுன்னு எழுதிட்டுப் போயிட்டாக."