மார்ட்டினியில் மிதந்த கடுகு

அந்தச் சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், அம்மா, கையில் போனைப் பிடித்தபடி தங்கை ரேவதி, அப்புறம் அக்கா வீட்டுக்காரரான பாவா. இல்லாதவர் எங்கள் அப்பாவான நைனா. கரும்பு லோடோடு திருவாலங்காட்டு ஆலைக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் மற்ற நால்வரும் கூடியிருந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டி வெளியே வந்த முதல் ஆள் நான். வந்தவன் சும்மா இருக்காமல் கேட்டரிங் காலேஜில் சேர்ந்தேன். ஊரில் கேட்பவர்களிடம் நைனா, "பையன் பெரிய ஓட்டல் ஆபீசருக்குப் படிக்கிறான்" என்பார். என்னிடம் மட்டும், "சோறாக்கறதுக்கு மூணு வருசமாடா? உங்கம்மா மூணு நாள்ல கத்துகினா" என்பார். அந்தப் படிப்பில் மது கலக்குவதும் ஒரு பாடம் என்பதோ, அதில் நான்தான் வகுப்பிலேயே முதல் என்பதோ அவருக்குத் தெரியாது. (தெரிஞ்சிருந்தா கரும்பு வெட்டற கத்தி என் பக்கம் திரும்பியிருக்கும்.)

கடைசி வருடத்தில் ஒரு சுற்றுலாக் கப்பல் கம்பெனி பார் வேலைக்கு ஆள் எடுத்தது. டாலரில் சம்பளம். முதல் இரண்டு வடிகட்டலிலும் நான் தப்பித்துவிட்டேன். மூன்றாவதுதான் கடைசி: வீட்டிலேயே ஒரு கிளாசிக் மார்ட்டினி செய்து, விருந்தாளி ஒருவருக்குப் பரிமாறி, அதை வீடியோவாக அனுப்ப வேண்டும். நடுவில் வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

மார்ட்டினி என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஜின், அதில் கொஞ்சம் வெர்மூத் என்கிற ஒயின். இரண்டையும் ஐஸோடு கலக்கி, வடிகட்டி, சில்லென்ற கோப்பையில் ஊற்றி, ஒரு ஆலிவ் காயைப் போட வேண்டும். பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். கலங்கினால் மதிப்பெண் போச்சு.

என் மேல் பிரியமுள்ள காலேஜ் சார் ஜின், வெர்மூத் இரண்டையும் இருமல் மருந்து பாட்டில்களில் ஊற்றிக் கொடுத்து, "ஒரே கிளாஸுக்குத்தான் வரும், சிந்திடாதே" என்றார். கோப்பையைச் சென்னையிலிருந்து மின்சார ரயிலில், துண்டில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். (அரக்கோணத்துல ஒரு அம்மா, "புள்ளைக்கு எத்தினி மாசம்?" என்று கேட்டார்கள்.) ஆலிவ் ஜாடி ஒன்றும் வாங்கினேன். வெள்ளிக்கிழமை அதை ஃபிரிட்ஜில் வைக்கும்போது அம்மா கேட்டாள்.

"இன்னாடா இது?"

"ஊறுகா மாதிரிம்மா. உப்புத் தண்ணில ஊறவச்சது."

வாழ்க்கையில் நான் செய்த தவறுகளில் அந்தப் பதிலுக்கு முதலிடம் தருகிறேன்.

சனிக்கிழமை மதியம் ஏற்பாடுகள் முடிந்தன. ஐஸ் டிரே உடைந்திருந்ததால் இட்லித் தட்டில் ஐஸ் உறைய வைத்திருந்தோம். விருந்தாளி பாவா. முருகன் கோயில் மலைக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். அன்றைக்குக் கிருத்திகை இல்லை என்று காலண்டரில் மூன்று தடவை பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கேமராவுக்குத் தெரியாத கீழ்ப்பாதியில் லுங்கி. குடித்ததும் "வெரி நைஸ்" என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தேன். அதையும் மூன்று முறை ஒத்திகை பார்த்தார்.

"வெறும் தண்ணில ஒத்திகை பார்த்தா எப்படி மச்சான் மூடு வரும்?" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"அண்ணா, ஓடுது" என்றாள் ரேவதி.

நல்ல பார்காரன் கையைப் பார்க்க மாட்டான், விருந்தாளியின் கண்ணைத்தான் பார்ப்பான் என்பது சார் சொல்லிக்கொடுத்த பாடம். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டவன். கேமராவையே முறைத்தபடி இங்கிலீஷில் பேசினேன், அளந்தேன், இட்லி ஐஸில் முப்பது விநாடி கலக்கினேன், புது டீ வடிகட்டியில் வடித்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஓரத்தில் நின்ற அம்மா, ஆலிவ் ஜாடியைத் திறந்து என் கைக்கு எட்டும்படி வைத்தாள். பெருங்காய வாசனை வந்தது. பக்கத்து வீட்டில் சாம்பார் போல என்று நினைத்துக்கொண்டேன். பார்க்காமலே பல்குச்சியால் ஒரு காயைக் குத்தி, பார்க்காமலே கோப்பையில் இறக்கி, "பளிங்கு போன்ற இந்தத் தெளிவுதான் மார்ட்டினியின் அழகு" என்று பொருள்படும் ஒரு நீண்ட இங்கிலீஷ் வாக்கியத்தைப் புன்னகையோடு சொன்னேன்.

போனுக்குப் பின்னால் ரேவதியின் கண்கள் விரிந்தன. வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

வாக்கியத்தை முடித்துவிட்டுக் குனிந்தேன். கோப்பையில் சிவப்பு எண்ணெய் வட்டம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. நடுவில் ஆலிவ், அதன் உடம்பெல்லாம் மிளகாய்த்தூள். சுற்றிலும் ஆறேழு கடுகு சாவகாசமாக நீந்தின. ஒரு கறிவேப்பிலை கரை ஒதுங்கியிருந்தது.

நிறுத்த முடியாது, வெட்டக் கூடாது. தட்டில் வைத்துப் பாவாவிடம் நீட்டினேன். அவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கப்பல்காரன் குடிப்பது இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். ஒரே மடக்கு. காயை மென்று, கொட்டையை உள்ளங்கையில் துப்பி, கேமராவைப் பார்த்து மனதாரச் சொன்னார்:

"சரக்கு சுமாரு மச்சான். ஆனா சைடு டிஷ்ஷு சூப்பரா கீது. இன்னொண்ணு குடு."

ரேவதி போனை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"எவனோ உன்னை ஏமாத்திட்டான் கண்ணு" என்றாள் அம்மா. "காரமும் இல்ல, எண்ணெயும் இல்ல, வெறும் உப்புத் தண்ணி. மனசு கேக்கல. காலைல கழுவிட்டு நல்லெண்ணெய் ஊத்தித் தாளிச்சு வச்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா?"

"நீதான் ஊறுகான்னு சொன்னியே."

மணி நாலரை. சார் கொடுத்த பாட்டில்களில் ஒரு சொட்டு மிச்சமில்லை. கப்பலை மனதுக்குள் நினைத்துக்கொண்டு, அதே வீடியோவை அனுப்பினேன்.

ஏழு மணிக்கு நைனா வந்தார். அம்மா தயிர் சோறு போட்டு, வேறு ஊறுகாய் இல்லாததால் அந்த ஜாடியையே எடுத்துவந்தாள். நைனா ஒன்றைக் கடித்தார். இன்னொன்றை எடுத்தார்.

"இன்னா காய் இது?"

"பையன் படிப்புக்கு வாங்கினது" என்றாள் அம்மா.

நைனா என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஆங். மூணு வருசத்துல இப்பத்தான் உருப்படியா ஒண்ணு சொல்லிக் குடுத்துகீறாங்க" என்றார். என் படிப்பை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை கம்பெனி பதில் போட்டது. என் பேச்சு நன்றாக இருந்ததாம். பானத்தை மார்ட்டினி என்று ஏற்க முடியவில்லையாம். கடைசி வரியில், விருந்தாளி நலமாக இருக்கிறாரா என்று விசாரித்திருந்தார்கள். அம்மா, "என்னாலயாடா?" என்று கேட்டாள். "இல்லம்மா, ஆள் நிரம்பிடிச்சாம்" என்றேன். ரேவதி முதல்முறையாக எனக்காக வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது சென்னையில் ஒரு ஓட்டல் பாரில் வேலை. என் மார்ட்டினி பளிங்கு மாதிரி இருக்கும், சத்தியமாக. வீட்டில் யாரும் அதைப் பார்த்ததில்லை. ஆட்டோ பஞ்சரானால்கூடப் பாவா போன் செய்து, "கடுகு மிதக்குது மச்சான்" என்கிறார். நைனாவோ வேறு ஊறுகாயைத் தொடுவதில்லை. வந்தவர்களுக்கெல்லாம் "எங்க பையன் படிப்புல வர்ற காய்" என்று சொல்லி ஆளுக்கு இரண்டு வைக்கிறார். அதனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு ஜாடி வாங்கியாக வேண்டும். ஒன்று முந்நூற்றுப் பத்து ரூபாய், இதுவரை இருபத்தாறு ஜாடி. நல்லெண்ணெயையும் பெருங்காயத்தையும் சேர்க்காமல், எட்டாயிரத்து அறுபது ரூபாய்.