கீரியார் இன்டர்ஃபேஸை டவுன் செய்த கதை

ஒரு காட்டில் பேருக்குச் சிங்கம் ராஜா. உண்மையில் ஆண்டது சர்வர். ஆற்றில் தண்ணீர் குடிக்கக்கூட ஆன்லைனில் டோக்கன் எடுக்க வேண்டும். சர்வர் அக்கரையில், அரண்மனையை ஒட்டிய குகையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அட்மின் கீரியார் இக்கரையில், அரசு கொடுத்த பொந்தில் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டியே வேலையை முடிப்பார். மௌஸைத் தொடமாட்டார். தொட்டால் பசிக்குமாம்.

போன வாரம் நெட்வொர்க் படுத்துவிட்டதில் சிங்கம் கடுப்பாகியிருந்தது. "இன்னொரு தடவை நின்னுச்சுன்னா உனக்கு வேலையும் கிடையாது, பொந்தும் கிடையாது" என்று கர்ஜித்தது. பொந்தில் கண் திறக்காத குட்டிகள் வேறு. பாவம், கீரியார் பயந்து பயந்துதான் கீபோர்டையே தொட்டார்.

அன்று காலை சர்வருக்குப் புது ஐபி முகவரி கொடுக்க வேண்டியிருந்தது. சர்வர் வெளியே பேசுகிற வாசலுக்கு இன்டர்ஃபேஸ் என்று பெயர். அதை ஒரு நொடி டவுன் செய்து, உடனே அப் செய்தால் போதும். பொந்திலிருந்தபடியே சர்வருக்குள் நுழைந்த கீரியார், 'டவுன்' என்று தட்டி என்டரை அழுத்தினார். அடுத்து 'அப்' என்று தட்டினார். திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை.

"ஏங்க, முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?" என்றாள் மனைவி.

"எந்த வாசல் வழியா உள்ள போனேனோ, அதையே சாத்தித் தொலைச்சிட்டேன்டி!"

'இருக்கிறாயா?' என்று சர்வரைக் கேட்கும் பிங் கட்டளையையும் போட்டுப் பார்த்தார். பதிலே இல்லை.

அதற்குள் கரையில் யானைகள் நாக்கு வறண்டு வரிசையில் நின்றன. ஆறு என்னவோ காலடியில்தான் ஓடியது. ஆனாலும் டோக்கன் இல்லாமல் குடிக்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

கீரியார் ஆற்றில் குதித்தார். நடுவில் ஒரு முதலை வாயைப் பிளந்தது.

"டோக்கன் எடுத்தியா?" என்று அதட்டினார் கீரியார்.

முதலை வாயை மூடிக்கொண்டது.

சொட்டச் சொட்டக் குகைக்குள் ஓடி, சர்வரின் சொந்தக் கீபோர்டிலேயே 'அப்' என்று தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. அக்கடா என்று திரும்பினால், வாசலில் சிங்கமும் மந்திரி நரியும் நிற்கிறார்கள்.

"யார் செஞ்ச வேலை இது?"

கீரியாருக்குப் பொய் வராது. "நான்தாங்க மகாராஜா. இன்டர்ஃபேஸை டவுன் பண்ணது நான்தான்."

இன்டர்ஃபேஸ் என்றால் என்னவென்று சிங்கத்துக்குத் தெரியாது. கேட்டால் மரியாதை போய்விடும். நரியைப் பார்த்தது. நரிக்கும் தெரியாது; தெரியாது என்று சொல்லி அது மந்திரியாகவில்லையே.

"அந்த இன்டர்ஃபேஸ் பெரிய போக்கிரி, மகாராஜா" என்றது நரி. "அவனையே இவர் சாய்ச்சிட்டார்னா பாருங்க!"

"ஐயோ, இல்லீங்க" என்று பதறினார் கீரியார். "தூரத்துல உட்கார்ந்துக்கிட்டே டவுன் பண்ணேன். அதுதான் தப்பு."

"கிட்டப் போகாமலேயேவா!" சிங்கம் பிடரி சிலிர்க்க அவரைக் கட்டிக்கொண்டது. அங்கேயே வேலை நிரந்தரமானது. பொந்துக்கு ஏசி வந்தது. கூடவே ஒரு ராஜ உத்தரவும் வந்தது: இனி வாரத்துக்கு ஒரு இன்டர்ஃபேஸையாவது டவுன் செய்ய வேண்டும்.

நீதி: மேலதிகாரியிடம் உண்மையை மட்டுமே பேசுங்கள், அவருக்குப் புரியாதபடி பேசுங்கள்.