டெய்லரைத் துரத்திய பிறகு

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்தப்பாவுக்கு, உங்கள் அண்ணன் மகள் வணங்கி எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீங்கள் சுகமில்லை என்று தெரிந்தும் 'நலமறிய ஆவல்' என்று எழுதக் கை போனது, அடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை உங்கள் காலை எடுக்கப் போகிறார்கள் என்று தம்பி சொன்னான். அதற்குமுன் நான் வந்து நிற்க வேண்டுமென்று நீங்கள் கேட்டதையும் சொன்னான். வர முடியாத நிலை. காரணம் ஈஸ்ட். சிரிக்காதீர்கள்.

நீங்கள் தையல்காரர், சொன்னால் புரியும். செல்லுக்குள் குரோமோசோம் என்று இழைகள் உண்டு. செல் இரண்டாகும்போதெல்லாம் இழையின் ஓரம் கொஞ்சம் குறையும். அதை நீட்டித் தைக்க டெலோமரேஸ் என்றொரு டெய்லர் உள்ளேயே இருக்கிறார். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் செல்லிலிருந்து அந்த டெய்லரைத் துரத்திவிட்டு, அது என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். தினமும் பழைய குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் புதுச் சத்துநீரில் விடுவேன். நாளாக நாளாக வளர்ச்சி குறைந்து, கலங்கலாக இருக்க வேண்டிய குடுவை தண்ணீர் போலத் தெளிந்துவிடும். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, ஒன்றிரண்டு மட்டும் பக்கத்து இழையின் ஓரத்தைப் பார்த்து நகலெடுத்துத் தன் ஓரத்தில் ஒட்டுப்போட்டுப் பிழைத்து, குடுவையை மறுபடி கலக்கிவிடும். அந்தப் பிழைத்தவைதான் எனக்கு வேண்டும். முதல் தடவை அப்படிக் கலங்கிய அன்று, நான் வருவதற்குள் ஆய்வக உதவியாளர் அக்கா வேகவைத்துக் கொட்டிவிட்டார். "நேத்து தெளிவா இருந்துச்சு, இன்னைக்குக் கலங்கிடுச்சு, ஏதோ கிருமி விழுந்துடுச்சுன்னு நானே கழுவி வச்சுட்டேன் கண்ணு, தேங்க்ஸெல்லாம் வேணாம்"ங்கிறாங்க. அடுத்த தடவை குடுவையை ஆட்டுற மிஷின்ல பிடி கழண்டு, மொத்தமும் தரையில. இது மூணாவது. பேராசிரியர், "சாவு வீட்டுல உட்கார்ற மாதிரி பக்கத்துலயே உட்காரும்மா"ங்கிறார். உட்கார்ந்திருக்கேன். தம்பி போன்ல கத்துறான்: "ஈஸ்ட் செத்தா மறுபடி வளத்துக்கலாம்க்கா, எங்கப்பாவை எந்தக் குடுவையில வளக்கிறது?"

உங்க புத்துநோய்க் கட்டியும் டெய்லர் இல்லாம, இதே ஒட்டுப்போடுற வழியிலதான் வளருதுன்னு டாக்டர் சொன்னாராம். நீங்க போன்ல கேட்டீங்க: "ஏம்மா, உன் குடுவையில சாகாததும் என் தொடையில சாகாததும் பங்காளிங்களா?" சிரிச்சேன். போனை வச்சதுக்கப்புறம்தான், பொழச்சுடு பொழச்சுடுன்னு இத்தனை நாளா யாருக்கு வேண்டிக்கிட்டு இருந்தேன்னு உறைச்சுது.

ஆகவே என் நிலைமையைப் புரிந்து மன்னிக்கவும். சித்திக்கு வணக்கம். தம்பியின் கோபத்துக்கு என் அன்பு. உங்களை வாழ்த்த எனக்கு வயதில்லை. இருந்தாலும் நல்லபடியாக எழுந்து வரவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகள்

பின்குறிப்பு: பேராசிரியர் போன வாரமே விடுப்புக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை எதையும் கொட்ட மாட்டேன் என்று அக்கா சத்தியமே செய்துவிட்டார். ஈஸ்ட்டால் ஒரு தடையும் இல்லை. உங்களைப் படுக்கையில் பார்க்கப் பயம், அவ்வளவுதான். தபாலைவிட பஸ் சீக்கிரம் வரும் என்பதால் இதை நானே கொண்டுவருகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை மயக்கமருந்து போட விடாதீர்கள். காலைக் கட்டிக்கொண்டு அழ மாட்டேன். அழுதால் திட்டுங்கள்.