செங்கமலத்துக்குக் கொஞ்சம் இரும்பு

என் மனைவி செங்கமலத்தின் உடம்பில் இரும்பை ஏற்றியே தீருவது என்று சபதம் எடுத்துக்கொண்டேன்.

கிணற்றடியில் தலை சுற்றிக் குடத்தோடு சாய்ந்துவிட்டாள். அரியலூர் டாக்டர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தத்துல இரும்பு கம்மி. டானிக் குடுக்கணும். யுத்தம் முடியிற வரைக்கும் அது எங்க கிடைக்கப்போவுது?"

உலகத்து இரும்பையெல்லாம் பீரங்கிக்கே போட்டுவிட்டார்கள். என் செங்கமலத்துக்கு ஒரு சிட்டிகை மிச்சமில்லை.

அந்த வாரம் தரங்கம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். கடற்கரையில் பாசி மலைமலையாக ஒதுங்கிக் கிடந்தது. ஒரு காலேஜ் வாத்தியார் அதைச் சீசாவில் அடைத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணியில இருக்கிற உலோகத்தையெல்லாம் இது உறிஞ்சி வெச்சிருக்கும் சார். இரும்பு, தாமிரம், துத்தநாகம்..."

மேலே ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் நான் சாக்கு வாங்க ஓடிவிட்டேன்.

ரயிலில் ஒரு பெஞ்சு முழுக்க எனக்கே கிடைத்தது. பஸ்ஸில் கண்டக்டர் என்னையும் மூட்டையோடு கூரைமேல் ஏற்றிவிட்டார். உடையார்பாளையம் வந்து மூட்டையை இறக்கினேன்.

"வூடே நாறுதே! என்னங்க செத்துச்சு?"

"இரும்பு!"

"இரும்பு இப்படியா நாறும்?"

"கடல் பாசிடி. உன்மேல பாசத்துல கொண்டாந்திருக்கேன். தினம் துவையல் அரைச்சுத் தின்னு. நானும் கூடவே திங்கிறேன்."

மூட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் வாதாடாமல் வந்த முதல் 'சரி'. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து பச்சைப்பசேலென்று துவையல்.

"ஆகா! அலை வாசனை அப்படியே தூக்குது. நாக்குல இரும்பு டங்குன்னு அடிக்குது!" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு குழம்பு ஊற்றினாள்.

இரண்டு மாதத்தில் அவள் முகம் தெளிந்தது. குடம் இடுப்பில் நின்றது. தாலுகா ஆபீஸில் என் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தள்ளிப் போய்விட்டாலும் என் பாசிப் பிரசங்கம் ஓயவில்லை. மறுபடியும் டாக்டரிடம் போனோம். செங்கமலத்தைப் பார்த்துவிட்டு வெளியே உட்காரச் சொன்னார்.

"நல்லா தேறியிருக்காங்க உத்திராபதி. என்ன குடுத்தீங்க?"

பெருமையாகச் சொன்னேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அடப்பாவி மனுஷா! அதுக்கு நல்லது கெட்டது தெரியுமா? ஈயம், பாஷாணம் எல்லாத்தையும் சேர்த்துல்ல உறிஞ்சியிருக்கும்!"

வெளியே ஓடி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊரே பார்க்க அழுதேன்.

"செங்கமலம், என் கையாலயே உனக்கு விஷம் குடுத்துட்டேனே!"

"அழாதீங்க, எல்லாரும் பாக்கிறாங்க. நான் அதை வாயிலயே வெக்கல."

"என் கண்ணு முன்னாடி தின்னியே!"

"அது நம்ம கொல்லை முருங்கைக்கீரைங்க. உங்களுக்கும் அதான். பாசியை மாடே மோந்துட்டு ஓடிச்சு. அன்னிக்கே குழி வெட்டி மூடிட்டேன்."

"ஏன்டி சொல்லல?"

"எனக்குன்னு அவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தீங்க. வேணாம்னு எப்படிங்க சொல்றது?"

நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. ஆனாலும் விட மனசில்லை.

"பொய் சொல்லாதே. இலை முன்னாடி உட்கார்ந்தாலே கடல் வாசனை அடிச்சுதே!"

"மூட்டை சுமந்த துண்டை இன்னிக்கு வரைக்கும் துவைக்கப் போட்டீங்களா?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து மோந்து பார்த்தேன்.

கடலேதான்.