என் பெயரில் ஒரு கரகரப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர்.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சுபேதார் பாண்டிதுரை அவர்களுக்கு, உங்கள் மச்சான் வேல்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே எல்லையில் குளிர் எப்படி, உடம்பு எப்படி என்று விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன். இங்கே மழை உண்டு, ஆண்டாள் புண்ணியத்தில் எல்லோரும் சுகம், நான் ஒருவன்தான் சுகமில்லை. காரணம் உங்கள் மகன் விக்னேஷ்வரன். போனில் சொல்லலாம் என்றால், மகன் பெயரை எடுத்ததுமே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு சிக்னல் தேவையில்லை.

நான் யாரிடமும் தொழில் படித்தவன் அல்ல. கெட்டுப்போன ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்து நானாகக் கற்றுக்கொண்டு மைக் செட் வைத்தவன். ஆடிப்பூரத் தேரோட்டத்தில் தொலைந்த பிள்ளையின் பெயரை என் குழாய் ஸ்பீக்கரில் சொன்னால், பஸ் ஸ்டாண்டு வரை ஓர் எழுத்து சிதறாமல் கேட்கும். அப்படி நான் சம்பாதித்த பெயரைத்தான் உங்கள் மகன் கெடுத்தான். காலேஜ் படிக்கும்போது ராஜபாளையத்திலிருந்து வந்து, "மாமா, பழைய ஸ்பீக்கர் ஏதும் கெடக்கா?" என்றான். மழையில் நனைந்து, சத்தம் எழுப்பும் காகிதக் கோன் கிழிந்த ஸ்பீக்கர் பெட்டி ஒன்று ஓரமாகக் கிடந்தது. தங்கச்சி மகனாயிற்றே என்று கொடுத்தேன். அதில் எலெக்ட்ரிக் கிதாரை மாட்டினான். தொண்டை கட்டிய எருமை கத்துவது போல ஒரு சத்தம். "என்னலே இது?" என்றேன். "ப்ளூஸ் மாமா. அமெரிக்காவுல கறுப்பின மக்க பாடுனது. மனசுல உள்ள கஷ்டத்தப் பாடணும்." "ஒனக்கு என்னலே கஷ்டம்? அப்பன் ஆர்மியில, ஆத்தா மூணு நேரமும் சோறு போடுதா!" அவன் பாட ஆரம்பித்துவிட்டான். முதல் வரியை இரண்டு தடவை பாடுகிறான், மூன்றாவது வரியில்தான் விஷயத்துக்கே வருகிறான். இப்படி அறிவிப்புச் செய்தால் தொலைந்த பிள்ளை கிடைக்குமா?

பிறகு இன்னும் மூன்று பையன்களைச் சேர்த்துக்கொண்டான். குழுவுக்கு ஒரு பெயர் வேண்டாமா? பெட்டியின் முதுகில் 'வேல்சாமி சவுண்ட் சர்வீஸ்' என்று என் கையால் பெயிண்டில் எழுதியிருந்தேன். அதையே வைத்துவிட்டான்! காலேஜ் விழாவில் ஆரம்பித்து மதுரை, கோயம்புத்தூர், சென்னை என்று ஏறி, இப்போது ஏதோ ஒரு கம்பெனி அவர்களோடு ஒப்பந்தம் போட்டு, என் பெயரைப் பனியனில் அச்சடித்து விற்கிறது. போன மாதம் சோழபுரத்துக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மைக் செட் பேச வந்தவர், போர்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். "அண்ணாச்சி, செல்போன்ல கரகரன்னு வருதே, அந்த வேல்சாமி நீங்கதானா? கோவிச்சுக்கிடாதீக, எங்க வீட்டுக்குப் பெரிய மனுசங்க வருவாக" என்று அப்படியே திரும்பிப் போனார். தங்கச்சி மாரீஸ்வரியிடம் முறையிட்டால், "ஒங்க பேரு லண்டன் வரைக்கும் போயிருக்கு, நீங்க என்னண்ணே இங்கன உக்காந்து பொலம்புதீக" என்கிறாள்.

ஆத்திரத்திலும் நான் நியாயம் பார்த்தேன். பெயர்தான் போய்விட்டது, சத்தமாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று, சென்னைக் கச்சேரிக்குப் போகும் வழியில் பையன்கள் நம் வீட்டில் சாப்பிட்டுப் படுத்த நேரத்தில், அவர்கள் கூடவே கொண்டுவந்த அந்தப் பழைய பெட்டியைத் திறந்தேன். புதுக் கோன் ஒட்டினேன், விட்டுப்போன வயருக்கெல்லாம் ஈயம் உருக்கி சோல்டர் வைத்தேன், அவன் சந்தோஷப்படுவதைப் பார்க்க வேனில் நானும் ஏறிக்கொண்டேன். மேடையில் கிதாரில் முதல் தட்டு தட்டினான். மாப்பிள்ளை, பால் மாதிரி சத்தம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அவர்களுடைய மேனேஜர், அனுக்ரஹா என்ற பெண், மேடை ஓரம் நின்ற என்னிடம் ஓடி வந்து, "சார், என்ன சார் பண்ணீங்க?" என்றது. "ரிப்பேர் பண்ணேன்மா, காசெல்லாம் வேண்டாம்" என்றேன். உங்கள் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "மாமா, இப்பத்தான் எனக்கு நெசமாவே கஷ்டம் வந்திருக்கு" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நான் ஒட்டிய கோனை என் கண் முன்னாலேயே குத்திக் கிழித்தான். எருமை மறுபடி கத்தியது. கூட்டம் எழுந்து நின்று "வேல்சாமி! வேல்சாமி!" என்று கூப்பாடு போட்டது. என்னை அல்ல. அந்தக் குத்தைத்தான் இப்போது உலகமே செல்போனில் பார்க்கிறதாம்.

ஆகவே மாப்பிள்ளை, தகப்பன் என்ற முறையில் நீங்கள் உத்தரவு போட வேண்டும். அந்தக் குழுவுக்கு என் பெயர் இருக்கக் கூடாது. "பேர எடுக்காம என் வாசப்படிய மிதிக்காத" என்று நானும் சொல்லிவிட்டேன். இதில் நான் இறங்கி வர மாட்டேன். என் வீட்டுக்காரி வெள்ளத்தாய் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள். குளிரும் குண்டும் உங்களை அண்டாமல் ஆண்டாளும் ரெங்கமன்னாரும் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
அசல் வேல்சாமி.

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது உங்கள் மகன் போன் செய்தான். "மாமா, ஒங்க மனசு நோகக் கூடாதுன்னு பேர மாத்தியாச்சு. இனிமே நாங்க 'சுந்தரபாண்டியம் பாய்ஸ்'" என்கிறான். டிரம்ஸ் அடிக்கிற பையனின் ஊராம். யாரைக் கேட்டு மாற்றினான்? மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு, பழைய பெயரையே வைக்கச் சொல்லி உடனே உத்தரவு போடவும். உலகமே எழுந்து நின்று கேட்கிற சத்தம் அது. அந்தக் கோனை மழையில் நனையவிட்டது நானா, சுந்தரபாண்டியத்துக்காரனா?