கண்ணாடி இல்லாமல் கொடுத்த நாலு நட்சத்திரம்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களின் மேலான பார்வைக்கு,

பேருந்து நிலையத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நெடுநாள் வாசகி பணிவோடு எழுதுவது. இங்கு நானும் என் கணவரும் மகளும் நலம். தங்கள் நலமும், தங்கள் அலுவலகத்தார் அனைவரின் கண் நலமும் அறிய ஆவல். கண் நலத்தைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

சென்ற ஞாயிறு இதழில், இரண்டு பள்ளிக்கூடத் தோழிகளைப் பற்றிய அந்தச் சிரிப்புப் படத்துக்குத் தங்கள் விமர்சகர் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுத்து எழுதியிருந்தார். ஐயா, அந்த விமர்சனம் செல்லாது. அவர் படம் பார்த்தது வெள்ளிக்கிழமை காலைக் காட்சி. அந்த நேரத்தில் அவருடைய கண்ணாடி என் கடை மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. நாற்காலியில் கழற்றி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். திங்கட்கிழமை இரண்டு துண்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு மைனஸ் ஆறரை. கையில் இருந்த பழைய கண்ணாடியோ பல வருஷத்துக்கு முந்தையது, பவர் பாதிகூட இல்லை. அதைப் போட்டுக்கொண்டு எங்கள் கடைச் சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையைப் பார்த்தவர், உச்சியில் உள்ள பெரிய எழுத்தைக் காட்டி, "மேல ஏதோ பூச்சி உக்காந்திருக்குங்களே" என்றார். அவர்தான் வெள்ளித்திரையைப் பார்த்து நாலு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்.

எனக்கு யார் மேலும் பொறாமை கிடையாது. இருந்தாலும் ஒளிக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தின் இயக்குநரும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவளைப் பள்ளிக்கூடமே வாலு என்று கூப்பிடும். வாலு சிரித்தால் வகுப்பு சிரிக்கும், வாலு தலையை ஒரு பக்கமாகச் சீவினால் மறுநாள் நாற்பது தலையும் அந்தப் பக்கம் சாயும். பக்கத்திலேயே இருந்த எனக்கு நுனி என்று பெயர். அதுவும் வால் இருப்பதால் வந்த பெயர்தான். அவள் போன வருஷம் வரை யாருக்கும் தெரியாத துணை இயக்குநராக இருந்தாள், அதுவரை எனக்கு அவள் மேல் உயிர். இப்போது எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் அவள் முகம். கண்ணாடி போடாமல் வேறு நிற்கிறாள். அவளுக்கு இடது கண்ணில் ஒன்றேகால் பவர் உண்டு என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

படம் வந்த நாளிலிருந்து எல்லா விமர்சனங்களையும் தேடித் தேடிப் படித்தேன். ஒருவராவது உண்மையை எழுதியிருப்பார் என்ற நம்பிக்கைதான். ஒருவர் வயிறு வலிக்கச் சிரித்தேன் என்கிறார், ஒருவர் தன் பள்ளித் தோழனுக்குப் பதினைந்து வருஷம் கழித்துப் போன் செய்தாராம், ஒரு வாரப் பத்திரிகை அட்டையிலேயே போட்டுவிட்டது. என் கணவர் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவர், நான் படும் பாட்டைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு தாளோடு ஓடி வந்தார். "இந்தா, இதுல ரெண்டாம் பாதி கொஞ்சம் தொய்வுன்னு போட்டிருக்கான் பாரு!" எனக்கு வந்த சந்தோஷத்தில் அவருக்கு இரண்டாவது முறை காபி போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு அடுத்த வரியையும் படித்தார். சிரித்து ஓய்ந்தவர்கள் மூச்சு வாங்க அந்தத் தொய்வும் தேவைதான் என்று எழுதியிருந்தது. காபி வீண்.

வாலு முதல் காட்சிக்கு வரச் சொல்லி இரண்டு முறை போன் செய்தாள். இரண்டு முறையும் என் கணவரை விட்டு, "அவ வெளிய போயிருக்கா" என்று சொல்ல வைத்தேன். இரண்டாவது முறை சொல்லும்போது நான் பக்கத்திலேயே நின்று தும்மித் தொலைத்துவிட்டேன். அவள், "வந்தா நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கடைசியில் சனிக்கிழமை, மகள் இழுத்த இழுப்புக்குப் போனேன். அவள் அதற்குள் ஒரு முறை பார்த்தாகிவிட்டது. படத்தில் ஊரே கொண்டாடும் ஒருத்தி, அவள் கூடவே சுற்றும் தோழி ஒருத்தி. இடைவேளைக்கு முன்னால் ஒரு பிறந்தநாள் வருகிறது. கொண்டாட்டம் நாலு மணிக்கு. தோழி என்ன செய்கிறாள், பெஞ்சு பெஞ்சாகப் போய், "நேரம் மாறிடுச்சு, ஆறு மணிக்கு வாங்க" என்று சொல்லிவிடுகிறாள். நாலு மணிக்கு இவள் ஒருத்திதான் போகிறாள். கொட்டகை குலுங்கியது. என் மகள் என் தோளில் அடித்து அடித்துச் சிரித்துவிட்டு, "அம்மா, இப்படியும் ஒரு லூசு இருக்குமா?" என்று கேட்டாள். என் கணவர் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "யாரோ தெரிஞ்சவங்க மாதிரி இருக்கே" என்றார். கையில் இருந்த சோளப்பொரியை அவர் மடியில் கொட்டிவிட்டு எழுந்து கழிவறைக்குப் போய்விட்டேன்.

ஆசிரியர் ஐயா, ஞாயிறு காலை தங்கள் இதழைப் பிரித்தேன். எல்லாப் பத்திரிகையும் புகழ்ந்து தீர்த்த படத்தில் தங்கள் விமர்சகர் மட்டும் ஒரே ஒரு குறை கண்டுபிடித்திருந்தார். எதை? அந்தத் தோழியை! "தோழியாக வரும் பெண்ணின் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. இப்படி ஒரு பொறாமை உலகத்தில் இருக்க முடியாது. நம்பும்படி இல்லாத இந்தப் பாத்திரம்தான் நல்ல படத்தின் ஒரே கறை." நான் ஒரு வாரமாகத் தேடிய குறை, ஐயா. கிடைத்ததும் குதித்திருக்க வேண்டாமா? உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்தேன், கண்ணில் எல்லாம் இருந்தது. மைனஸ் ஆறரைக்காரருக்குத் தெரியாவிட்டால் அது அவள் குற்றமா? இருக்க முடியாதாம். அவர் யார் சொல்வதற்கு? நான் இருக்கிறேனே!

எழுதிவிட்டேன். இனி மறைத்து என்ன பயன்? பதின்மூன்று வயதில், வாலுவின் பிறந்தநாளுக்கு, பெஞ்சு பெஞ்சாகப் போய் ஆறு மணி என்று சொன்னது நான்தான். ஐந்தரைக்கெல்லாம் வாலு வீட்டார் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அவளும் மட்டும் உட்கார்ந்து நாற்பது பேருக்கான கேக்கைத் தின்றோம். ஆறு மணிக்குப் போய்ப் பூட்டைப் பார்த்து வந்த வகுப்பு, வாலுதான் ஏமாற்றினாள் என்று ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. நான் மட்டும் பேசினேன். அந்த ஒரு வாரம் மாதிரி எனக்கு அப்புறம் ஒரு வாரம் வாய்க்கவே இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கட்டிய புருஷனிடம்கூட. ஆனால் படத்தில், தோழி பெஞ்சு பெஞ்சாகச் சொல்லும்போது கதவுக்குப் பின்னால் நின்று பிறந்தநாள்காரி கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய், தோழி வந்ததும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேக்கை வெட்டுகிறாள். அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது, ஐயா. தெரிந்துகொண்டே பள்ளி முடியும் வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இதற்கு நான் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பேன்?

இத்தனை சொன்ன பிறகு இன்னொன்றையும் மறைப்பானேன். தங்கள் விமர்சகர் திங்கட்கிழமை, "வெள்ளிக்கெழம ஒரு படம் பாக்கணும்மா, வியாழக்கெழம குடுத்துடுங்க" என்றார். என்ன படம் என்று கேட்டேன். சொன்னார். "லென்ஸ் வெளிய இருந்து வரணும் சார், சனிக்கெழம ஆயிடும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. லென்ஸ் கடையிலேயேதான் இருந்தது, செவ்வாய்க்கிழமையே என் கணவர் பொருத்தியும் கொடுத்துவிட்டார். ஒரு விமர்சனமாவது குறையட்டும் என்றுதான் செய்தேன். அவர் பழைய கண்ணாடியோடு போய், படத்துக்கு நாலு நட்சத்திரத்தையும் எனக்கு அந்த வரியையும் கொடுத்துவிட்டார்.

ஆகவே தாங்கள் தயவு செய்து அவரைப் புதுக் கண்ணாடியோடு மறுபடி அனுப்பிவைக்க வேண்டும். அந்தத் தோழியின் முகத்தை அவர் நன்றாகப் பார்க்க வேண்டும். இப்படி ஒருத்தி இருக்க முடியும், இருக்கிறாள் என்று திருத்தம் வெளியிட வேண்டும். அதே சமயம் அந்த நாலு நட்சத்திரத்தை இரண்டாகக் குறைக்கவும் வேண்டும். இரண்டும் எப்படி ஒன்றாக முடியும் என்று என் கணவர் கேட்கிறார். அவர் லென்ஸ் தேய்க்கிறவர், அவருக்கு எழுத்து வேலை தெரியாது. தங்களால் முடியும்.

தங்கள் பத்திரிகை பல்லாண்டு வளரவும், அதன் எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாகவும் வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகி,
மூக்குக்கண்ணாடிக் கடை, பேருந்து நிலையம் எதிரில்

பின்குறிப்பு: ஐயா, மேலே உள்ளது எதையும் வெளியிட வேண்டாம். உறை வாங்க நான் கடைவீதிக்குப் போன நேரத்தில் என் மகள் இந்தக் கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாலுவுக்கே அனுப்பிவிட்டாள். கால் மணி நேரத்தில் போன். எடுத்ததும் அவள் கேட்டது, "அடியே நுனி, ரெண்டு நட்சத்திரம்தானா எனக்கு?" "தெரிஞ்சும் ஏண்டி கூட உக்காந்திருந்தே?" என்று கேட்டேன். "என்கூடத் தனியா இருக்கணும்னு இவ்ளோ மெனக்கெட்டது நீ ஒருத்திதாண்டி. மத்தவங்க எல்லாம் கேக்குக்கு வர்றவங்க" என்றாள். இருவரும் சேர்ந்து அழுதோம், அப்புறம் சிரித்தோம். ஆகவே நாலு நட்சத்திரம் போதாது, ஐந்தாக்கிவிடுங்கள். வருகிற ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். நாலு மணிக்கு வந்தால் ஐந்தரைக்குக் கிளம்பியாக வேண்டுமாம். என் கணவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிட்டதால், தெருவே அவளைப் பார்க்கத் துடிக்கிறது. நான் யாரையும் தடுக்கவில்லை. எல்லாரையும் ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.